சுமாராக வாசிக்கும் வயது

சென்னையில் நாலைந்து வீடு மாறிய எந்த நடுத்தரக் குடும்பத்தின் பரணிலும், கொலு பொம்மைப் பெட்டிக்கும் சக்கரம் உடைந்த சூட்கேஸுக்கும் நடுவில், ஒரு கீபோர்டு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பிள்ளை மூன்றாம் வகுப்பில் படித்தபோது வாங்கியது. சனிக்கிழமை வகுப்பு, இரண்டு கிரேடு, இரண்டு சான்றிதழ், பள்ளி ஆண்டு விழாவில் ஒரு வாசிப்பு. பிறகு ஒன்பதாம் வகுப்பு வந்தது, நுழைவுத் தேர்வுப் பயிற்சி வந்தது, கீபோர்டு மேலே ஏறியது. அடாப்டர் எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதை இப்போது கீழே இறக்குகிறவர்கள் அந்தப் பிள்ளைகள் இல்லை. அவர்கள் பெங்களூரிலோ டல்லாஸிலோ இருக்கிறார்கள். இறக்குகிறவர்கள் அம்மாக்கள். சில வீடுகளில் அப்பாக்கள். துணியால் தூசி தட்டி, ரிச்சி தெருவில் புது அடாப்டர் வாங்கி, சாப்பாட்டு மேஜை மேல் வைத்து, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு கட்டையை அழுத்திப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு நான் செய்த முதல் உருப்படியான காரியம் அது.

மந்தைவெளியில் நான் போகிற பியானோ வகுப்பு வாரநாட்களில் காலை பதினொரு மணிக்கு. குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம். அதனால் அந்த நேரத்துக்கு வருகிற எல்லோரும் நரை கண்டவர்கள், அல்லது நரையை மறைத்தவர்கள். கணக்காயர் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வருகிறார். மகளை வகுப்பில் விட்டுவிட்டு வாசல் திண்ணையில் வருடக்கணக்கில் காத்திருந்து, மகள் வாசித்த பாடங்களெல்லாம் காதிலேயே பதிந்துபோன ஓர் அம்மா வருகிறார். மகள் நிறுத்திய வாரமே இவர் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை செய்கிற இளைஞர் ஒருவர் மட்டும் இரவு எட்டரைக்கு வருவார் என்று கேள்வி. எங்கள் ஆசிரியைக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. நாங்கள் அவரை 'மிஸ்' என்கிறோம். அவர் எங்களை ஆன்ட்டி, அங்கிள் என்கிறார். முதல் வாரம் சிரிப்பு வந்தது, பிறகு பழகிவிட்டது.

"எதற்கு இந்த வயதில்?" என்று வெளியே யாராவது கேட்டால் எங்களிடம் தயாராகப் பதில்கள் உண்டு. மூளைக்கு நல்லது. மறதி வராது. ரத்த அழுத்தம் குறையும். சின்ன வயது ஆசை. இந்தப் பதில்களை நானும் சொல்லியிருக்கிறேன், ஆனால் நம்பிச் சொன்னதில்லை. ரத்த அழுத்தத்துக்கு மெரினாவில் நடந்தால் போதும், காசே செலவில்லை. மறதிக்குக் குறுக்கெழுத்துப் போட்டி இருக்கிறது. பெரியவர்கள் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு பலன் சொல்லியாக வேண்டிய ஊர் இது. பலன் சொல்லாவிட்டால் பொழுது போகவில்லை என்று அர்த்தம், பொழுது போகவில்லை என்றால் பேரனைப் பார்த்துக்கொள்ளலாமே என்று அடுத்த வாக்கியம் வரும். அதற்குப் பயந்தே பாதிப் பேர் மூளையைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள்.

நிஜமான காரணம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த ஊரில் சிறு வயதில் கற்கும் இசை எல்லாம் இன்னொருவருக்காக. ஐம்பதுக்கு மேல்தான் ஒரு மனிதருக்கு, யாருக்காகவும் இல்லாமல், சுமாராக வாசிக்கச் சுதந்திரம் கிடைக்கிறது.

நான் வளர்ந்தது பெரம்பூரில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. இரண்டு தெரு தள்ளி ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி இருந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. சிவப்பு ஆக்சைடு தரை போட்ட முன்னறையில் ஒரு நிமிர்ந்த (அப்ரைட்) பியானோ. மெழுகுவத்தி வைக்க இரண்டு பக்கமும் பித்தளைத் தாங்கிகள். அவருடைய தாத்தா காலத்தில் கப்பலில் வந்ததாம். அப்பாவுக்குக் கர்நாடக சங்கீதம்தான் உயிர். ஆனால் அவருடைய மேலதிகாரியின் மகள் அங்கே கற்றுக்கொண்டிருந்தாள், ஆகவே நானும் கற்றுக்கொண்டேன். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு முக்கால்வாசிக் குழந்தைகள் இசை கற்ற கதை இப்படித்தான் தொடங்கும்.

அந்தப் பெரம்பூர் மிஸ் என் புறங்கையில் ஓர் எட்டணா நாணயத்தை வைப்பார். ஸ்கேல், அதாவது ஸ்வரங்களை வரிசையாக ஏற்றி இறக்குவதை, வாசித்து முடிக்கும்வரை அது விழக்கூடாது. விழாமல் வாசித்தால் நாணயம் எனக்கு. வருகிற விருந்தாளிகளுக்கு வாசித்துக் காட்ட எங்கள் வீட்டில் பியானோ கிடையாது என்பதால், அப்பா விருந்தாளிகளையே மிஸ் வீட்டுக்கு அழைத்துப் போனதுண்டு. பிறகு லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகள். வெளிநாட்டிலிருந்து வந்த தேர்வாளர் முன் உட்கார்ந்து மூன்று பாடங்கள், ஸ்கேல், பார்த்த மாத்திரத்தில் வாசிக்க ஒரு துண்டு. சான்றிதழ்கள் சட்டம் போட்டுச் சுவரில் ஏறின. பத்தாம் வகுப்பில் எல்லாம் நின்றது. சில வருடங்கள் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா, "பெண்ணுக்குப் பியானோ தெரியும்" என்றாள். "அப்படியா, சந்தோஷம். பாடுவாளா?" என்று கேட்டார்கள்.

மிஸ் தன் மகளோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். பெரம்பூரிலும் வேப்பேரியிலும் அந்தக் காலத்தில் பல ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அப்படித்தான் போயின. பியானோ, படப்பிடிப்புகளுக்குச் சாமான் வாடகைக்குக் கொடுக்கும் ஒருவரிடம் வடபழனிக்குப் போனது என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு எந்தப் பழைய படத்தில் பியானோ வந்தாலும் உற்றுப் பார்ப்பேன். நம் சினிமாவில் பியானோவுக்கென்று ஒரு வேலை உண்டு. கோட்டு போட்ட கதாநாயகன், கதாநாயகியின் பிறந்தநாள் விருந்தில், அவளுக்கு வேறொருவனோடு நிச்சயமாகிவிட்டது என்று தெரிந்த பிறகு, அதன் முன் உட்கார்ந்து சோகத்தைப் பாடுவான். பாட்டு முழுக்க அவள் முகத்தையே பார்ப்பான். கட்டைகளை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்க மாட்டான். இசை மேலே ஏறும்போது விரல்கள் இடப்பக்கம் போகும். எங்கள் தலைமுறைக்குப் பியானோ என்றால் பணக்காரத் துக்கம் என்று மனதில் பதிந்ததற்கு அவர்கள்தான் காரணம்.

அதே நேரத்தில் இந்த வாத்தியம் இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிகல் கடையின் வேர் 1842இல் தொடங்கிய மிஸ்க்வித் நிறுவனத்தில் இருக்கிறது. அதற்கும் முன்னால், முத்துசுவாமி தீட்சிதர் இளம் வயதில் இன்றைய வட சென்னையில் இருக்கும் மணலியில் தங்கியிருந்தபோது, ஜார்ஜ் கோட்டையில் கம்பெனியின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளில் சம்ஸ்கிருதச் சாகித்தியங்கள் எழுதினார். அவைதான் நோட்டு ஸ்வரங்கள். 'சந்ததம் பாஹிமாம்' என்று பக்தியோடு பாடுவது இங்கிலாந்து ராஜகீதத்தின் மெட்டை. கமகம் (ஸ்வரத்தை அசைத்து, வழுக்கிப் பாடுவது) இல்லாமல் சங்கராபரண ஸ்வரங்களில் நேராக நடப்பதால் இவை பியானோவில் அப்படியே உட்காரும். எங்கள் வகுப்பில் கணக்காயர் அலுவலகத்துக்காரர் முதலில் வாசித்தது இதில் ஒன்றைத்தான். வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேறு என்ன இருக்கிறது என்றார். அவருடைய அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. பியானோவில் எத்தனை கட்டைகளோ அத்தனை.

எங்கள் ஆசிரியையின் வீட்டில் இருப்பது பழைய நிமிர்ந்த பியானோ. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பியானோவுக்குள் சுமார் 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து 15 டன்னுக்கு மேலான இழுவிசையில் முறுக்கேறி நிற்கின்றன. அதை ஒரு வார்ப்பிரும்புச் சட்டம் தாங்குகிறது. சத்தத்தைப் பெரிதாக்குவதோ பின்னால் இருக்கும் ஒரு மெல்லிய மரப் பலகை. கடலிலிருந்து ஒரு மைலுக்குள் இருக்கும் மந்தைவெளியில் இந்த ஏற்பாடு என்ன பாடு படும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறந்ததும் பலகை ஈரத்தைக் குடித்து ஊதுகிறது, கம்பிகளின் இழுவை கூடுகிறது, நடு ஸ்தாயி சுருதி ஏறுகிறது. பங்குனி வெயிலில் அது இறங்குகிறது. நடுவில் கட்டைகள் ஒன்றோடொன்று உரசி, அழுத்தினால் எழுந்திருக்காமல் கிடக்கின்றன. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கிறது. சுத்தியல்களில் ஒட்டியிருக்கும் கம்பளியைப் பூச்சி அரிக்கிறது.

சுருதி கூட்ட வருகிற பெரியவர் ராயபுரத்துக்காரர். தேவாலயங்களின் ஆர்கன்களையும் பார்க்கிறவர். கீழ்ப் பலகையைக் கழற்றி உள்ளே காட்டினார். ஓரத்தில் ஒரு பழைய குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. பெரம்பூரிலும் மிஸ் வீட்டுப் பியானோவுக்குள் அப்படி ஒன்று இருந்தது எனக்கு ஞாபகம். அந்தச் சின்னச் சூடுதான் உள்ளே ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்கிறது. "யாராவது மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று எல்இடி பல்பு போட்டுவிடப் போகிறார்கள், சொல்லி வையுங்கள் அம்மா. அது வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பியானோவுக்குள் யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள்?" என்றார். ஏசி அறையில் வைத்தால் நல்லதுதானே என்று கேட்டேன். இரவு முழுக்கப் போட்டுப் பகல் முழுக்க நிறுத்தினால் மரம் தினமும் ஒரு தடவை சுருங்கி ஒரு தடவை விரியும், அதற்கு எப்போதும் ஒரே புழுக்கமாக இருப்பது மேல் என்றார். பேசிக்கொண்டே ஒரு திருகைக் கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்த்தினார். இரண்டு கம்பிகளுக்கு நடுவே இருந்த அதிர்வு மெதுவாகி, மெதுவாகி, நின்றது. ஒரே ஸ்வரத்துக்கு மூன்று கம்பிகள் இருக்கின்றன என்பதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கவனித்தேன். சிறு வயதில் அத்தனை வருடம் வாசித்தும் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. குழந்தைகளுக்கு அதில் அக்கறை கிடையாது. தேர்வில் கேட்க மாட்டார்கள்.

வீட்டில் நான் வைத்திருப்பது மின்னணுப் பியானோ. பரணிலிருந்து இறக்கிய மகனின் கீபோர்டில் 61 கட்டைகள்தான். அவையும் பிளாஸ்டிக் ஸ்விட்சுகள். உண்மையான பியானோவின் கட்டையைக் கீழே இறக்க ஏறக்குறைய 50 கிராம் எடை வேண்டும். மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும், வேகமாக அழுத்தினால் உரக்கவும் பேசும். 1700 வாக்கில் புளோரன்சில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி கண்டுபிடித்ததன் சாரமே அதுதான். கம்பியைச் சுத்தியல் அடித்த கையோடு விலகிவிட வேண்டும், எவ்வளவு வேகமாக அடித்தது என்பது கேட்கிறவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு முன்னிருந்த ஹார்ப்சிகார்டில் கம்பியைச் சுண்டத்தான் முடியும், எப்படி அழுத்தினாலும் சத்தம் ஒன்றே. இந்த எடையையும் அடியையும் இன்றைய மின்னணுப் பியானோக்கள் நன்றாகவே நடிக்கின்றன. அதைவிட முக்கியம், ஹெட்போன் மாட்டலாம்.

ஹெட்போன் வராவிட்டால் இந்த ஊரில் பெரியவர்கள் பியானோவுக்குத் திரும்பியிருக்கவே மாட்டார்கள் என்று அடித்துச் சொல்வேன். அடுக்ககச் சுவர்களின் கனம் நமக்குத் தெரியும். மேல்வீட்டில் தாளிக்கிற சத்தம் கேட்கும். அதைவிடப் பெரிய இடைஞ்சல் இந்த ஊரின் காது. மார்கழியில் சபா கேண்டீனில் போண்டா தின்றுகொண்டே, "தோடியில் காந்தாரம் சரியாக நிற்கவில்லை" என்று சொல்கிற ஊர் இது. சொல்கிறவர் பாட மாட்டார், வாசிக்க மாட்டார், ஆனால் காந்தாரம் நிற்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். இப்படிப்பட்டவர்கள் நடுவே ஓர் ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணி ஒரே வரியை நாற்பது தடவை தப்பாக வாசித்தால் சுவர் தாண்டி அபிப்பிராயம் வந்துவிடும். ஹெட்போன் மாட்டினால் வெளியே கட்டைகள் டக் டக்கென்று தட்டும் சத்தம் மட்டும்தான். என் கணவர் அதைக் கேட்டுவிட்டு, தட்டச்சு உயர்நிலைத் தேர்வுக்குத் தயாராகிறாயா என்றார்.

இனி கைக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாச் சிக்கலும் அங்கேதான்.

திரும்பி வருகிறவர்களிடம் எது மிஞ்சியிருக்கிறது, எது போய்விட்டது என்பதில் ஒரு விசித்திரம் உண்டு. ஸ்கேல் வாசிக்கும்போது கட்டைவிரலை மூன்றாம் விரலுக்கு அடியில் நுழைக்கிற அசைவு, நான் நினைப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. அது கைக்குச் சொந்தமாகிவிட்ட அறிவு, என்னைக் கேட்கவில்லை. ஆனால் இசைக் குறியீட்டில் இடது கைக்கான கீழ் ஐந்து கோடுகளைப் படிக்கிற பழக்கம் சுத்தமாக அழிந்திருந்தது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கோடுகளைக் கீழிருந்து எண்ண வேண்டியிருந்தது. பிறகு நான்காம் விரல். மோதிர விரலை நிமிர்த்துகிற தசைநாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு கட்டப்பட்டிருக்கிறது. அதைத் தனியாகத் தூக்கச் சொன்னால் இரண்டு பக்கமும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். எல்லோருக்கும் அப்படித்தான். குழந்தைகள் அதோடு சமாதானமாகப் போய்விடுவார்கள். பெரியவர்கள் சண்டை போடுவார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் விரலை வலுப்படுத்த ஏதோ கருவியை மாட்டிக்கொண்டுதான் வலது கையைக் கெடுத்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. கருவியோ வேறு காரணமோ, இருபதுகளின் தொடக்கத்திலேயே அவர் கை கெட்டது உண்மை. அவசரப்படுகிற என் வகுப்புத் தோழர்களிடம் இந்தக் கதையை நான் அடிக்கடி சொல்கிறேன்.

நான் மீண்டும் எடுத்த முதல் பாடம் எல்லோரும் எடுக்கிற அதே ஜி மேஜர் மினுவெட் என்கிற சின்ன நடன மெட்டுதான். ஜெர்மன் இசைமேதை பாக் தன் இரண்டாம் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725இல் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் இருப்பது. நான் சிறுமியாக வாசித்தபோது அதன் தலைப்பில் பாக் என்று போட்டிருந்தது. கிறிஸ்டியான் பெட்சோல்ட் என்பவர் எழுதியது அது என்று இப்போதைய பதிப்புகளில் போடுகிறார்கள். வலது கைக்கு ஆரம்பம் எளிது. ஜி என்கிற கட்டையை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் ப, ஸரிகம, ப, ஸ, ஸ. அடுத்தது த, மபதநி, மேல் ஸ, பிறகு கீழே இறங்கி ஸ, ஸ. நம் ஊர்க் குழந்தை எதுவும் இரண்டு முறை கேட்டால் பாடிவிடும். எனக்கும் அன்றே வந்துவிட்டது. இடது கையும் தனியாக வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்ததும் இரண்டும் நின்றுவிட்டன.

அந்த நிலையை விவரிப்பது கஷ்டம். வலது கை நான்கு ஸ்வரம் ஓடும்போது இடது கை ஒன்றே ஒன்றை அழுத்திக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கச் சொன்ன கை சும்மா இருக்காது. ஓடுகிற கையைப் பார்த்து அதுவும் ஓடும். இல்லாவிட்டால் ஓடுகிற கையை இழுத்து நிறுத்தும். ஆசிரியை சொன்ன வழி: இரண்டு கைகளையும் சேர்த்து, ஒரே ஒரு தாள அளவை மட்டும், அடுத்ததன் முதல் ஸ்வரத்தில் நிறுத்தி, ஆமை வேகத்தில். "மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக மிஸ்?" என்று கேட்டேன். "உங்களுக்கு வெட்கமாக இருக்கிற அளவுக்கு, ஆன்ட்டி" என்றார். இருபத்தெட்டு வயதில் இப்படிச் சொல்லத் தெரிந்திருக்கிறது.

குழந்தைக்கும் பெரியவருக்கும் உள்ள வித்தியாசம் விரலில் இருப்பதைவிடக் காதில்தான் அதிகம். எட்டு வயதுக் குழந்தைக்குத் தான் வாசிப்பது மோசமாக இருப்பது தெரியாது. தெரிந்தாலும் கவலைப்படாது. எனக்குப் பின்னால் நாற்பது வருடக் கேள்வி ஞானம் நிற்கிறது. இளையராஜாவின் பின்னணி இசையில் எத்தனை ஸ்வரங்கள் ஒன்றுக்குள் ஒன்று நகர்கின்றன என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது. அந்தக் காது, என் கை செய்வதைக் கேட்டு முகம் சுளிக்கிறது. தொடங்கிய சில மாதங்களில் பெரியவர்கள் நிறைய பேர் நின்றுவிடுவதும் இதனால்தான். வயதாகிவிட்டது, விரல் வளையவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் சொல்லியாயிற்று. இந்தப் பழமொழியோடு எனக்குத் தீராத வழக்கு. இளையராஜாவே மேற்கத்திய இசைக் குறியீட்டையும் பியானோவையும் தன்ராஜ் மாஸ்டரிடம் மயிலாப்பூரில் கற்றது இருபதுகளின் நடுவில், சென்னைக்கு வந்த பிறகு. அவரை உதாரணம் காட்டுவது நியாயமில்லை என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சதியை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸ் கன்சர்வேட்டரியில் சோம்பேறி என்று பெயர் வாங்கி வெளியேறியவர். மோன்மார்த்ர் பகுதி விடுதிகளில் பியானோ வாசித்துப் பிழைத்தவர். பெயரும் ஓரளவு வந்த பிறகு 1905இல், 39 வயதில், ஸ்கோலா கன்டோரும் என்ற பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, சின்னப் பையன்களோடு உட்கார்ந்து, மூன்று வருடம் படித்துச் சான்றிதழ் வாங்கினார். இந்த வயதில் இது எதற்கு என்று அவருடைய நண்பரும் இசையமைப்பாளருமான டெபுஸ்ஸிக்கே சந்தேகம் இருந்தது. இனிமேல் தன்னை யாரும் தட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஒருவர் பெஞ்சில் போய் உட்கார்கிறார் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்த இடம்.

தேர்வு விஷயத்தில் எங்களுக்குள் இரண்டு கட்சி. டிரினிட்டித் தேர்வுக்கு வயது வரம்பு கிடையாது. 100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி, 75 எடுத்தால் மெரிட், 87 எடுத்தால் டிஸ்டிங்ஷன். வாசல் திண்ணை அம்மா மூன்றாம் கிரேடு எழுதினார். காத்திருந்த வரிசையில் முன்னால் ஒன்பது வயது, பின்னால் பதினொரு வயது. உதவியாளர் இவரைப் பார்த்து, "பேரன்ட்ஸ் வெளியே உட்காருங்கள்" என்றாராம். எனக்குத் தேர்வு வேண்டாம். என் சுவரில் சட்டம் போட்டவை போதும். ஆனால் அவருக்கு அது வேண்டும் என்பதைப் புரிந்துகொள்கிறேன். இருபத்தைந்து வருடம் சமைத்தவருக்கு யாரும் மார்க் போட்டதில்லை. 81 எடுத்தார். எங்களுக்கெல்லாம் மைசூர்பாகு.

கணக்காயர் அலுவலகத்துக்காரரின் காரணம் வேறு. சிறு வயதில் வீணை கற்றவர் அவர். நல்ல ஞானம். பியானோவில் கமகம் கிடையாது. ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு வழுக்கிப் போக வழியில்லை. தோடியையோ பைரவியையோ அதில் வாசித்தால் எலும்புக்கூடுதான் தெரியும். மாயாமாளவகௌளை சரளி வரிசையை வாசித்துக் காட்டினார்: வெள்ளை, கறுப்பு, மூன்று வெள்ளை, கறுப்பு, வெள்ளை. ஸ்வரங்கள் எல்லாம் சரி, ராகம் வரவில்லை. பின்னே எதற்கு இங்கே வருகிறீர்கள் என்று நான் கேட்டேவிட்டேன். "வீணையில் நான் ஒரு ஆள். இதில் இரண்டு ஆள்" என்றார். வலது கையில் ஒரு பாட்டு, இடது கையில் இன்னொரு பாட்டு, இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் நடந்து, ஓரிடத்தில் இடித்து, பிறகு சமாதானமாகிற சுகம் அவர் அதுவரை வெளியிலிருந்து கேட்டது மட்டும்தான். தன் கையிலேயே அது நடக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. வெள்ளைக் கட்டைகளில் மட்டும் ஸ-வை நகர்த்தி, சி-யில் சங்கராபரணம், டி-யில் கரகரப்பிரியா, ஈ-யில் தோடி, எஃப்-இல் கல்யாணி, ஜி-யில் ஹரிகாம்போதி, ஏ-யில் நடபைரவி என்று கிரகபேதத்தை, அதாவது ஸ-வை மாற்றினால் ராகமே மாறுவதை, கண்ணால் பார்த்த நாளில் அவர் வகுப்பு முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

நான் எப்படி வாசிக்கிறேன் என்று கேட்டால், சுமார். மினுவெட்டின் இரண்டாம் பாதியில் இன்னும் ஓரிடத்தில் வேகம் குறைகிறது. அங்கே நாணயம் விழுவதற்கு யாரும் காத்திருக்கவில்லை. வங்கியில் முப்பது வருடம் நான் செய்த எல்லா வேலைக்கும் காலாண்டு இலக்கு இருந்தது. இதற்கு இல்லை. காலையில் ஹெட்போனை மாட்டி, அதே தாள அளவை வெட்கமாக இருக்கிற வேகத்தில் வாசிக்கிறேன். நேற்றைவிடக் கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றும் நாட்கள் உண்டு, தோன்றாத நாட்களும் உண்டு. இரண்டையும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்பது எனக்கு இந்த வயதில் பெரிய சொகுசாக இருக்கிறது.

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடிக்காரர் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெறப் போகிறார். லிஃப்டில் பார்த்தபோது, தானும் தொடங்கலாமா, என்ன வாங்க வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பேரனின் கீபோர்டில் தொடங்க வேண்டாம், கை கெட்டுப்போகும். 88 கட்டைகளும் எடையோடு இருக்கிற மின்னணுப் பியானோ பாருங்கள். நாற்காலியின் உயரம், முழங்கை கட்டைகளுக்கு நேராக வருகிற மாதிரி இருக்கட்டும், சோபாவில் உட்கார்ந்து வாசிக்காதீர்கள். ஜன்னலோரம் வைக்காதீர்கள், சாரல் அடிக்கும். பெடலைப் பெட்டியோடு தருகிறார்களா என்று கேளுங்கள். சில மாடல்களில் தருவது சின்ன ஸ்விட்சு மாதிரி ஒன்று, மிதித்தால் ஓடிவிடும். கனமான பெடலுக்குத் தனியாகக் காசு கேட்பார்கள், பேரம் பேசுங்கள், குறைப்பார்கள்.